பூட்டிய வாசல்களில் கத்தரிக்காய்

பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நின்றபோது விளக்கு வைக்கும் நேரம். தலையில் வேப்பிலை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் பொங்கல் தூக்கு. வழியெல்லாம் பாடியதில் தொண்டை கட்டியிருந்தது. மகன் பாபு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் என் கழுத்தெல்லாம் அப்பியிருந்தது.

முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே போனேன். வாசல்படியில் ஒரு கத்தரிக்காய் இருந்தது.

ஒன்றே ஒன்று. காம்போடு, ஊதா நிறத்தில், கழுவித் துடைத்தது போலப் பளபளவென்று. அதன் அடியில் நான்காக மடித்த ஒரு நோட்டீஸ். பக்கத்து வீட்டுப் படியிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்த வீட்டிலும். எங்கள் தெருவில் பூட்டியிருந்த கதவு ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கத்தரிக்காய், ஒரு நோட்டீஸ்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கதவைத் திறந்து, பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, அந்தக் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்படியில் நின்றேன்.

ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்த வாரக் கட்டுரை.

வெள்ளிக்கிழமை போன்

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து, என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த எஸ்தர் என்னை விட்டபாடில்லை. பத்திரிகை கடைக்கு வந்த அன்றே வாங்கிப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை நாஷ்டா வேளையில் போன் பண்ணிவிடுவாள். பாராட்ட இல்லை, தப்புக் கண்டுபிடிக்க. கேன்டீன் சாம்பாரைப் பற்றி நான் எழுதிய வாரம், அதில் முள்ளங்கி கிடந்ததே தவிர முருங்கைக்காய் ஒருநாளும் கிடந்ததில்லை என்று கால் மணி நேரம் பேசினாள். அவள் சொன்னதுதான் சரி.

ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன்னால் ஒரே கேள்வி. அந்தப் பழைய எலெக்சன் கதையை எப்போது எழுதுவாய்?

எழுதலாம், எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கையில் பலகை மாதிரி பெரிய போன். யாருக்காக வந்தாள், சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், சர்வே ஆன்ட்டி என்பதற்கு மேல் பதில் இல்லை. என் பெயர், வயது, பிள்ளை எங்கே வேலை செய்கிறான் என்பதெல்லாம் நான் சொல்லும் முன்பே அந்தப் போனில் இருந்தது. முன்னே எல்லாம் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டாள்.

நான் கோபக்காரி. வேறு நாளாக இருந்தால் வெயிலில் வந்த பிள்ளை என்றும் பார்க்காமல் நன்றாகக் கேட்டிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று மத்தியானமே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரே சீட்டு

கும்மிடிப்பூண்டியில் மின்விசிறி மோட்டார் செய்யும் கம்பெனியில் நானும் எஸ்தரும் வைண்டிங் பிரிவில் இருந்ததைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டாருக்குள்ளே செப்புக் கம்பியைச் சுற்றி அடைக்கிற வேலை அது. கையில் வார்னிஷ் வாடை அடித்துக்கொண்டே இருக்கும். என்ன சோப்புப் போட்டாலும் போகாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து கையை மூக்கருகே கொண்டுபோனால் சாம்பார் மணத்துக்கு முன்னால் கம்பெனி வந்து நிற்கும். இன்றைக்கு எங்காவது வார்னிஷ் அடிக்கும் கடையைக் கடந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. அந்த வாடைக்காக ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே. அவள் வீடு ஊரின் அந்தக் கோடியில், சர்ச் பக்கம். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது நாங்கள்தான் முதலில். கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு எங்களுடையது. அவள் ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம். அவளுக்குக் காற்று வேண்டும், எனக்குத் தூக்கம் வேண்டும். என் தலை அவள் தோளில்தான் விழும். அவள் ஒருநாளும் தட்டிவிட்டதில்லை.

மத்தியானம் இரண்டு டிபன் பாக்ஸையும் திறந்து நடுவில் வைத்துவிடுவோம். எது யாருடையது என்ற பேச்சே கிடையாது.

சின்னம் கிடைத்த அன்று

ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஒன்றுகூடி எஸ்தரை நிற்கச் சொன்னோம். முதலில் சொன்னது நான்தான். அதை மறைத்துப் பயனில்லை.

காரணம் ஏரி. ஏரிக்கரையை ஒட்டிப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கம்பெனி ஒன்று வரப்போவதாகப் பேச்சு. அதற்கு ஊராட்சியில் ஒப்புதல் வேண்டும். அதனால் யார் தலைவராக வருகிறார் என்பதில் எங்களைவிட அக்கறையாக ஓர் ஆள் இருந்தார். அவர் பெயர் என்ன, ஊர் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 'பார்ட்டி' என்றுதான் சொல்வார்கள். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வெள்ளைக் கார் ஒன்று இரண்டு தடவை ஏரிக்கரையில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கவில்லை.

பார்ட்டியின் ஆதரவில் நின்றவர் வசந்தா. லாரி வைத்திருந்தவரின் மனைவி. கெட்ட பெண் என்று சொல்ல முடியாது. பேசவே மாட்டார். கை கூப்பிக் கூப்பி அவருக்கு மணிக்கட்டு வலி வந்துவிட்டதாகக் கேள்வி. அவருக்கு ஏணிச் சின்னம் கிடைத்தது. எஸ்தருக்குக் கத்தரிக்காய்.

அவள் அழாத குறையாக வந்தாள். பஸ்ஸில் ஆண்கள் எல்லாம், கிலோ என்ன விலை என்று கேட்டுக் கிண்டல் செய்தார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் மூன்றாம் நாள் ஒரு யோசனையோடு வந்தாள். நோட்டீஸை வாங்கிக் கிழித்துப் போடுகிறார்கள். காய் கொடுத்தால் யாராவது போடுவார்களா? பொன்னேரி மார்க்கெட்டில் ஒரு மூட்டை கத்தரிக்காய் எடுத்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்து ஓட்டுக் கேட்கலாம் என்றாள்.

ஒரு கத்தரிக்காயை வைத்து என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

"சாம்பார்ல போடு. திங்கும்போது என் நெனப்பு வரும்ல" என்றாள்.

அவளுடைய மொத்தத் தேர்தல் செலவும் அந்த மூட்டையும் நோட்டீஸ் அடித்த செலவும்தான்.

அந்தப் பக்கத்தில் நடந்ததே வேறு. மாரியம்மன் கோயிலுக்குப் பெயின்ட் அடித்தார்கள். எஸ்தர் போகும் சர்ச்சுக்கே சவுண்டு பாக்ஸ் வந்தது. பையன்களுக்குக் கிரிக்கெட் மட்டை. எங்கிருந்தோ ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து, எங்கள் தெருவின் பெயரைத் தப்பாக உச்சரித்து ஓட்டுக் கேட்டார்கள். பணமும் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. வாங்கியவர்களுக்கே அது இன்று ஞாபகம் இருக்காது.

ஞாபகம் இருப்பது பஸ்.

அம்மா ஏறிய கார்

பஸ்ஸுக்குப் போகும் முன்னால் ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு தேர்தலில் எங்கள் தெருவுக்கு அம்பாசிடர் கார் வந்தது. ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் தூரம். நடக்க முடியாதவர்களை ஏற்றிப் போகத்தான் கார் என்றார்கள். நன்றாக நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் அன்று காலை நொண்டினார்கள். என் அம்மாவும் நொண்டினாள். என்னை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். அந்த சீட்டு எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பதை அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போகும்போதுதான் கார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தால் காரும் இல்லை, டிரைவரும் இல்லை. உச்சி வெயிலில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். வரும் வழியில் ஒருவருக்கும் கால் நொண்டவில்லை.

அப்பாவுக்கு ஆத்திரம். அம்மா மட்டும் கோபித்துக்கொள்ளவே இல்லை. போகும்போதாவது ஏற்றினார்களே என்றாள். யார் ஏற்றியது, எந்தக் கட்சிக் கார் என்று நான் பெரியவளான பிறகு கேட்டேன். அவளுக்கு அது தெரியவில்லை. சீட்டின் நிறம் தெரிந்திருந்தது. பச்சை.

அம்மாவை நினைத்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

வேண்டுதல்

கம்பெனிகளுக்குக் கூலி ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி தனபாலைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். யார் வீட்டில் எத்தனை பேர், யார் எந்த ஷிப்டு, யாருக்கு என்ன குறை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பார்ட்டிக்கு இப்படி ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. பிரசாரம் முடிகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெரு முழுவதையும் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகத் தனபால் வீடு வீடாக வந்து சொன்னார். இரண்டு பஸ். சாப்பாடு, பொங்கல் சாமான், மொட்டை அடிக்கும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பாபுவுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டிருந்தது. பிழைத்து எழுந்தால் பெரியபாளையத்தில் மொட்டை போட்டுப் பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தேன். பெரியபாளையம் என்ன காசியா? இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் எனக்கு லீவு கிடைத்தால் என் வீட்டுக்காரருக்குக் கிடைக்காது. அவருக்கு அத்திப்பட்டு மின் நிலையத்தில் கான்டிராக்ட் வேலை. இரண்டு பேருக்கும் கிடைத்தால் கையில் டப்பு இருக்காது. அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டாலும் அம்மன் கேட்கிறாள் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தனபாலுக்கு அது தெரியும். எங்கள் வீட்டு வாசலில் நின்று, பையனோட வேண்டுதல் பாக்கி இருக்குல்ல என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

அவருக்கு அன்று வேலை இல்லை. எனக்குத்தான் அந்த ஞாயிறு முதல் ஷிப்டு. ஆர்டர் நெருக்கடி, லீவு கிடையாது. பதிலுக்கு ஆள் அனுப்பினால் மட்டும் சூப்பர்வைசர் ஒப்புக்கொள்வார். என் இடத்தில் உட்கார்ந்து அதே வேகத்தில் சுற்றக்கூடிய கை ஒன்றுதான், எஸ்தருடையது.

சனிக்கிழமை பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். பாபுவின் வேண்டுதலைச் சொன்னேன். நாளைக்கு விட்டால் இனி எப்போதோ என்றேன். ஒன்றும் பொய் இல்லை. தெரு முழுக்க வருகிறது, பஸ் யார் விடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவளுக்கு அது கடைசிப் பிரசார நாள், ஐந்து மணிக்கு மேல் ஓட்டுக் கேட்கக் கூடாது. காலையில் சர்ச், பிறகு நாள் முழுக்க எங்கள் தெருவில் வீடு வீடாக ஓட்டுக் கேட்பதாக இருந்தாள். எங்கள் தெரு ஓட்டை நம்பித்தான் அவள் நின்றதே. கொஞ்சம் யோசித்தாள்.

"சாமி காரியம். நீ போய்ட்டு வா" என்றாள். "ரெண்டு மணிக்கு ஷிப்டு உட்ருவான்ல. சாயங்காலம் ஓட்டு கேட்டுக்குறேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் ஊட்லதான இருப்பாங்க?"

நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இதைத்தான் இத்தனை வருஷமாக எழுதாமல் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

என் வாழ்க்கையில் அதைப் போல ஒருநாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

ஆறு மணிக்குப் பஸ் எடுத்தார்கள். அந்நேரம் எஸ்தர் என் ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி சுற்ற ஆரம்பித்திருப்பாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். இதே பெண்களைக் குழாயடியில் குடத்தோடும், கம்பெனி கேட்டில் வேலைக் கோட்டோடும் மட்டுமே பார்த்தவள் நான். அன்றைக்குத் தலை நிறையப் பூவும் பெட்டியிலிருந்து எடுத்த சேலையுமாக இருந்தார்கள். பஸ்ஸெல்லாம் நாப்தலின் உருண்டை வாசனை. பெரிய மனுஷி மாதிரி எப்போதும் விறைப்பாக இருக்கும் ரேஷன் கடைக்கார அம்மாள் எழுந்து நின்று கும்மி அடித்தார். வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தார்கள். மிளகாய்த்தூள் உறைப்பு நாக்கில் இன்னும் இருக்கிறது.

ஆற்றங்கரை மணலில் கல் கூட்டி அடுப்பு வைத்தோம். பாபுவுக்கு மொட்டை போட்டேன். வேப்பிலை ஆடை கட்டி, ஈரத் தலையோடு கோயிலைச் சுற்றினேன். பச்சை வேப்பிலை உடம்பெல்லாம் உரச, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதோ ஒரு பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று வருஷமாக அம்மனுக்குக் கடன்பட்டவளாக இருந்தேன். அன்றைக்குத்தான் மூச்சு விட்டேன். பானையில் பால் பொங்கியபோது என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். மின் நிலையச் சாம்பல் படிந்த சட்டை இல்லாமல், பகல் வெளிச்சத்தில், அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் தனபால் எல்லாரையும் கோயிலுக்கு வெளியே தள்ளி ஒரு புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார். கோயிலில் இருப்பவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. தட்டில் கற்பூரம் ஏற்றினார். ஏணிக்குப் போடுகிறேன் என்று சொல்லி ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். பிள்ளை இருக்கிறவர்கள் பிள்ளையின் தலையில் கை வைத்தால் போதும் என்றார்.

ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு செய்தவர்களுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றுதான் இருந்தது. என் முறை வந்தது. அப்போதுதான் சந்தனம் பூசிய அந்தக் குளிர்ந்த மொட்டைத் தலையில் கை வைத்தேன். ஏணிக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போதும் பாடினோம். ஒன்று சொல்ல வேண்டும், தனபால் அந்த விஷயத்தில் நாணயமானவர். திரும்பும்போதும் பஸ் இருந்தது. வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

அங்கேதான் கத்தரிக்காய் உட்கார்ந்திருந்தது.

இளஞ்சிவப்புச் சீட்டு

திங்கட்கிழமை அந்தக் கத்தரிக்காயோடு வீட்டில் இருந்த இன்னும் நாலைச் சேர்த்துக் குழம்பு வைத்து எடுத்துப்போனேன். கம்பெனி பஸ்ஸில் எஸ்தர் எனக்காக சீட்டில் பையைப் போட்டு வைத்திருந்தாள். தெருவே காலியாக இருந்ததைப் பார்த்தவள் எதையாவது கேட்பாள், திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். கோயில் எப்படி இருந்தது என்று கேட்டாள். பாபு மொட்டை போடும்போது அழுதானா என்று கேட்டாள்.

எனக்கு அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் பொங்கல் பொங்கியதைச் சொல்ல ஆரம்பித்தவள், ரேஷன் கடைக்கார அம்மாள் கும்மி அடித்தது, வெள்ளரிப்பிஞ்சு, வேப்பிலை என்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். மத்தியானம் குழம்பைப் பிசைந்து முழுசாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஓட்டுப்பதிவு. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் எஸ்தர் கை கூப்பி நின்றாள். என்னைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். நீ எனக்குத்தானே, உன்னை எதற்குக் கும்பிட வேண்டும் என்ற சிரிப்பு.

தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்பு நிறச் சீட்டு. அட்டை மறைப்புக்குள்ளே முத்திரைக் கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். கத்தரிக்காய் படம் மேலே இருந்தது, ஏணி அதற்குக் கீழே. உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை. தனபாலுக்குத் தெரியாது, பார்ட்டிக்குத் தெரியாது. ஆனால் என் உள்ளங்கையில் பிள்ளையின் தலை இருந்தது. பின்னாலிருந்த அதிகாரி, சீக்கிரம்மா என்றார்.

ஏணியில் குத்தினேன்.

கொஞ்ச ஓட்டில் எஸ்தர் தோற்றாள். எங்கள் தெருவில் சில வீடுகள் மாறிப் போட்டிருந்தால் போதும், அவள்தான் தலைவர்.

ஏரி

ஈயக் கம்பெனி வந்தது. வசந்தா கையெழுத்துப் போட்ட பிறகு வெள்ளைக் கார் எங்கள் பக்கம் வரவே இல்லை. பெரியபாளையத்துக்கு இன்னொரு தடவை யாரும் பஸ் விடவும் இல்லை. ஏரியில் இறங்கினால் கால் அரிக்கிறது. நாங்கள் துணி துவைத்த, பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கரையில் இப்போது நடக்கக்கூட யாரும் போவதில்லை. குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது. சர்வேக்கு வந்த பெண்ணுக்கு நான் கொடுத்ததும் கேன் தண்ணீர்தான்.

என் மகனே படித்து முடித்து அந்தக் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தான். இருமல் நிற்காமல் வந்ததும் விட்டுவிட்டு ஆந்திரா பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தலையில் கை வைத்தேன். அதை நினைத்தால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டுகிறேன்.

எஸ்தர் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. நாங்கள் ரிட்டையர் ஆகும் வரை அதே மூன்றாவது சீட்டில்தான் போய்வந்தோம். அந்தத் தேர்தலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இந்தத் தொடர் ஆரம்பித்த பிறகுதான், எப்போது எழுதுவாய் என்று அந்தக் கேள்வி.

வாசித்துக் காட்டினேன்

இதுவரை எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்ப மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் தனியாக உட்கார்ந்து இதைப் படிக்க விடக் கூடாது என்று பட்டது. காகிதங்களை எடுத்துக்கொண்டு நேற்று அவள் வீட்டுக்கே போனேன்.

அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன். அம்மாவின் கார் வந்த இடத்தில் சிரித்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் கேட்டதை நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். அவள் கை நார் எடுப்பதை நிறுத்தவில்லை. ஏணியில் குத்தினேன் என்ற வரி வந்ததும், முறத்தைத் தள்ளி வைத்தாள். ஏரிக் கதையையும் வாசித்து முடித்துவிட்டுத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன்.

"காய கழுவல. முந்தானையாலதான் தொடச்சேன்" என்றாள். "அத மாத்தி எழுது."

சரி என்றேன்.

ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கே மூட்டையோடு தெருவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். பூட்டுத் தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் ஒவ்வொரு கதவையும் தட்டினாளாம். மொத்தத் தெருவிலும் ஒரு நாயும் இவளும்தான். மூட்டையைத் திரும்பச் சுமந்துபோக முடியாமல்தான் படிக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்தாளாம்.

நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை என்பது எப்போது தெரியும் என்று கேட்டேன். கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"நீ போட மாட்டன்னு திங்கக்கெழமயே தெரியும். நீ கொண்டாந்த கொழம்புல உப்பு ரெண்டு தபா போட்டிருந்த. உனக்கு ஒருநாளும் உப்பு தப்பாது."

அதை முழுசாகச் சாப்பிட்டாயே என்றேன். கத்தரிக்காய் என்னுடையதுதானே என்றாள்.

முறத்தை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, ஒரே ஒரு கோபம் மட்டும் உன்மேல் உண்டு என்றாள். ஓட்டைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பொய்யைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பஸ்ஸுன்னு சொல்லியிருந்தா நானும் ஏறி வந்திருப்பேன்ல?"

எனக்குப் புரியவில்லை. உன்னைத் தோற்கடிக்க விட்ட பஸ்ஸில் நீ எப்படி வருவாய் என்றேன்.

"ஏன், ஓட்டெல்லாம் அந்த பஸ்லதான இருந்துச்சு? நான் இங்க காலித் தெருவுல காய வெச்சிக்கினு இருந்தேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அது கெடக்கட்டும். ரேஷன் கடக்காரம்மா கும்மியடிச்சத, பாலு பொங்குனத வந்து வந்து சொன்னியே. நானும் பாத்திருப்பேன். இத்தினி வருஷம் ஒரே சீட்ல உக்காந்துனு போனோம். கம்பெனி கேட்ட தவிர நாம ரெண்டு பேரும் சேந்து எங்கனா போயிருக்கோமா, சொல்லு?"

நான் யோசித்துப் பார்த்தேன். வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். ஓர் ஊர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.